நேரம் முதலில், சொல் அப்புறம்: ஜான் கேஜின் எழுத்துச் சோதனைகள்

1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கின் எட்டாவது தெருவில் ஓவியர்கள் கூடிப் பேசும் சங்கம் ஒன்று இருந்தது. ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளர் ஒருநாள் அங்கே 'ஒன்றுமில்லாதது பற்றிய உரை' என்று ஒன்றை வாசித்தார். அதில் ஒரே பக்கம் பதினான்கு தடவை போலத் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் "யாருக்காவது தூக்கம் வந்தால் தூங்கட்டும்" என்ற வரியும் வந்தது. கேட்டுக்கொண்டிருந்த ஜீன் ரெய்னல் என்ற கலைஞர் ஒரு கட்டத்தில் எழுந்து, "ஜான், உன்மேல் எனக்கு எவ்வளவோ பிரியம், ஆனால் இனி ஒரு நிமிடம்கூட என்னால் தாங்க முடியாது" என்று கத்திவிட்டு வெளியேறினார். பிறகு கேள்வி நேரம். யார் எதைக் கேட்டாலும், முன்பே எழுதிவைத்திருந்த ஆறு பதில்களில் ஒன்றைத்தான் கேஜ் சொன்னார். "நல்ல கேள்வி, பதில் சொல்லி அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை" என்பது அவற்றில் ஒன்று. "கேள்வியைத் திரும்பச் சொல்லுங்கள்... இன்னொரு தடவை... இன்னொரு தடவை" என்பது மற்றொன்று. "இனி என்னிடம் பதில் இல்லை" என்பதும் அந்த ஆறில் அடக்கம்.

குசும்பு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பியானோ கலைஞர் ஒருவர் மேடையில் உட்கார்ந்து எதையும் வாசிக்காமல் எழுந்துபோகும் '4 நிமிடம் 33 வினாடி' என்ற படைப்பால்தான் கேஜை உலகம் அறியும். அதைப் பற்றியும் பலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அந்த உரைக்குள் போய் எண்ணிப் பார்த்தால், கணக்குப்பிள்ளையின் பேரேட்டைப் போலக் கறாரான ஒரு கணக்கு தெரிகிறது. குசும்புக்காக யாரும் இவ்வளவு கணக்குப் போட மாட்டார்கள். கேஜ் இசையைப் பற்றி எழுதியதாகத்தான் பொதுவாகச் சொல்வார்கள். என் கணிப்பு வேறு. அவர் இசையை அமைத்த அதே கருவிகளைக் கொண்டு சொற்களையும் அமைத்தார். முதலில் நேரத்தை அளந்து வைத்துக்கொள்வது, அதற்குள் என்ன விழுகிறது என்பதை அப்புறம் பார்ப்பது. அவருடைய உரைகள், கதைகள், நாட்குறிப்புகள், செங்குத்துக் கவிதைகள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சாவிதான்.

1912-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர் கேஜ். 1992-ல் நியூயார்க்கில் இறந்தார். அப்பா ஒரு கண்டுபிடிப்பாளர். 1961-ல் வெஸ்லியன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'மௌனம்' முதல், 'திங்கட்கிழமையிலிருந்து ஓராண்டு' (1967), 'எம்' (1973), 'வெற்றுச் சொற்கள்' (1979), 'எக்ஸ்' (1983) என்று தொகுப்புகள் வந்துகொண்டே இருந்தன. அவருடைய இசைத்தட்டைக் கேட்டவர்களைவிட 'மௌனம்' நூலைப் படித்தவர்கள் அதிகம் இருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஓவியர்களும் நடனக்காரர்களும் கவிஞர்களும் அவரைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

ஏன் நேரம்? இதற்கு 1930-களுக்குப் போகவேண்டும். அப்போது கேஜ் லாஸ் ஏஞ்சலஸில் அர்னால்ட் ஷோன்பெர்க் என்ற ஆஸ்திரிய இசையமைப்பாளரிடம் படித்துக்கொண்டிருந்தார். ஹார்மனி என்னும் சுர இசைவு தனக்குப் பிடிபடவில்லை என்று சொன்னபோது, "ஒரு சுவரில் போய் முட்டிக்கொள்வாய், தாண்ட முடியாது" என்றார் ஆசிரியர். "அப்படியானால் அந்தச் சுவரில் தலையை மோதிக்கொண்டே வாழ்நாளைக் கழிக்கிறேன்" என்றார் மாணவர். உண்மையில் அவர் மோதவில்லை, சுற்றிக்கொண்டு போனார். ஓர் ஒலிக்கு உயரம், உரப்பு, நிறம், கால அளவு என்று நான்கு குணங்கள் உண்டு. மௌனத்துக்கு இருப்பது கால அளவு ஒன்றுதான். அப்படியானால் ஒலிக்கும் மௌனத்துக்கும் பொதுவானது காலம் மட்டுமே. இசையின் எலும்புக்கூட்டைக் காலத்தில்தான் கட்டவேண்டும், சுர இசைவில் அல்ல. 1948-ல் பிளாக் மவுன்டன் கல்லூரியில் எரிக் சாட்டி என்ற பிரெஞ்சு இசையமைப்பாளருக்காக வாதாடிய உரையில் இதைச் சொன்ன கையோடு, பீத்தோவன் செய்தது தவறு என்றும் அவருடைய செல்வாக்கு இசையை மரத்துப்போகச் செய்தது என்றும் ஒரே போடாகப் போட்டார். கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

எலும்புக்கூடு காலத்தால் ஆனது என்று வைத்துவிட்டால் ஒரு வசதி கிடைக்கிறது. அதற்குள் வயலினை வைக்கலாம், தகர டப்பாவை வைக்கலாம், சும்மாவும் விடலாம். பேச்சையும் வைக்கலாம். 'ஒன்றுமில்லாதது பற்றிய உரை' பிறந்தது இந்த இடத்தில்தான்.

அதன் கணக்கு இது. ஒரு வரிக்கு நான்கு அளவைகள், அதாவது தாளத்தின் சம நீளத் துண்டுகள். பன்னிரண்டு வரி சேர்ந்தால் ஓர் அலகு, அதாவது 48 அளவைகள். இப்படி 48 அலகுகள். மொத்த உரையும் 7, 6, 14, 14, 7 என்ற விகிதத்தில் ஐந்து பெரும்பகுதிகளாகப் பிரிகிறது, கூட்டினால் 48. ஒவ்வொரு சிறு அலகுக்குள்ளும் அதே விகிதம்தான். தாள வாத்தியங்களுக்காக 1939 முதல் அவர் பயன்படுத்திவந்த அமைப்பு இது. அச்சில் ஒவ்வொரு வரியும் நான்கு பத்திகளாகப் பிரிந்து, சொற்களுக்கு நடுவே வெள்ளை இடம் விட்டு வருகிறது. வெள்ளை இடம் மௌனம். அதற்காக இயந்திரம் மாதிரி வாசிக்கக்கூடாது, அன்றாடப் பேச்சில் வரும் இயல்பான இழுப்பும் தளர்வும் இருக்கவேண்டும் என்று குறிப்பும் எழுதிவைத்தார்.

இந்தக் கணக்கு தெரிந்தபின் நான்காம் பெரும்பகுதியைப் படித்தால், ரெய்னல் கத்திய இடம் விளங்கும். அந்தப் பகுதிக்கு ஒதுக்கியது 14 அலகுகள். நிரப்பச் சரக்கு எதுவும் இல்லை. அதனால் உரை தான் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. இப்போது நான்காம் பகுதியின் தொடக்கம், இப்போது கொஞ்சம் தள்ளி வந்திருக்கிறோம், இப்போது நடுவில். நாம் எங்கும் போய்ச் சேரவில்லை, மெல்ல மெல்ல அதுவே சுகமாகிறது. ரயில் நிற்கவே இல்லை, ஆனால் ஒலிபெருக்கி மட்டும் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயராகச் சொல்லிக்கொண்டு வருகிறது. "சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தேவையான கவிதை அதுதான்" என்று அவர் எழுதியதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் தனியே எடுத்தால் அது வெறும் சாமர்த்தியமான வாக்கியம். 48-க்கு 48 என்ற அந்தப் பாத்திரத்துக்குள் வைத்துப் பார்த்தால்தான் அவர் அதை நிஜமாகவே செய்துகாட்டினார் என்பது தெரியும்.

இந்த 'ஒன்றுமில்லாதது' எங்கிருந்து வந்தது? ஜென் என்பார்கள், அது பாதி சரி. ஜென் அறிஞர் டி. டி. சுசுகியின் வகுப்புகளுக்கு அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது உண்மைதான். அதற்கு முன்பே வேறொரு வழி திறந்திருந்தது. 1946-ல் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் மேற்கத்திய இசை படிக்க நியூயார்க் வந்தார். கேஜ் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார், கட்டணம் வாங்கவில்லை. பதிலுக்கு அவர் இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தார். இசை எதற்கு என்று கேஜ் கேட்டார். மனத்தை அடக்கி அமைதிப்படுத்தி தெய்வீகம் வந்து படிய இடம்கொடுப்பதற்கு என்று தன் குரு சொன்னதைக் கீதா சொன்னார். கேஜ் கடைசிவரை இந்தப் பதிலை விடவில்லை. ஊர் திரும்பும்போது ராமகிருஷ்ண பரமஹம்சரின் உபதேச மொழிகள் அடங்கிய பெரிய நூல் ஒன்றைக் கீதா கொடுத்துவிட்டுப் போனார்.

இன்னொருவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்தவர், அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த ஈழத்தமிழர் சர் முத்துக் குமாரசுவாமியின் மகன், பாஸ்டன் கலை அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் இந்தியக் கலைப் பிரிவைக் கவனித்தவர். கேஜ் அவருடைய நூல்களிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்று நவரசம். ஒன்பது சுவைகளும் சாந்தத்தில் வந்து அடங்குகின்றன என்ற கருத்தை வைத்து, கம்பிகளுக்கிடையே திருகாணியும் ரப்பரும் செருகிய பியானோவுக்காக 'சொனாட்டாக்களும் இடைப்பகுதிகளும்' என்ற தொகுதியை 1946-48-ல் எழுதினார். மற்றது, கலை என்பது இயற்கையின் தோற்றத்தைப் போலி செய்வது அல்ல, இயற்கை செயல்படும் விதத்தைப் போலி செய்வது என்ற வாக்கியம். கேஜ் எழுத்தில் இது பல இடங்களில் வருகிறது. இயற்கை எப்படிச் செயல்படுகிறது? யாருடைய விருப்பத்தையும் கேட்காமல். அப்படியானால் நானும் என் விருப்பத்தை விலக்கிவிட்டு எழுதவேண்டும். இப்படித் தாவியது கேஜ்தான், குமாரசுவாமி அல்ல. மரபுக் கலையின் ஒழுங்குக்காக வாழ்நாள் முழுக்க வாதாடிய அந்த மனிதர் 1947-லேயே காலமாகிவிட்டார். தன் வாக்கியத்தை வைத்து ஒருவர் காசு சுண்டி இசை எழுதியதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

காசு சுண்டுவது நிஜம். 1951-ல் இளம் மாணவர் கிறிஸ்டியன் வுல்ஃப் 'ஐ சிங்' என்ற பழைய சீன ஆருட நூலைக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று காசுகளை ஆறு முறை சுண்டினால் 64 வடிவங்களில் ஒன்று கிடைக்கும். ஜோசியத்துக்கான அந்த நூலைக் கேஜ் எண் எடுக்கும் கருவியாக்கினார். எந்தச் சுரம், எவ்வளவு நீளம், எத்தனை சொல் என்று அவர் கேட்டார். எண் பதில் சொன்னது. 1954-ல் லண்டனுக்காகத் தயாரித்த 'பேச்சாளருக்கு 45 நிமிடம்' இந்த முறையில் பிறந்தது. ஒரு வரிக்கு இரண்டு வினாடி. ஓரத்தில் நிமிடக் கணக்கு ஓடுகிறது. பழைய உரைகளின் துண்டுகளும் புதியவையும் கலந்து வருகின்றன. நடுநடுவே இருமு, மேசையைத் தட்டு, மூக்கைச் சிந்து, தீக்குச்சி கிழி என்றெல்லாம் கட்டளைகள். சில வரிகள் நெரிசலாக இருக்கும், மூச்சுப் பிடித்து ஓடவேண்டும். சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. கருத்து என்று தேடினால் சலிப்புத்தான் மிஞ்சும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசித்தால், வாசிப்பவருக்காவது சிரிப்பு வரும்.

சரி, இவ்வளவுக்கும் நடுவே கேஜ் ஒரு தேர்ந்த கதைசொல்லி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1958-ல் பிரஸ்ஸல்ஸில் 'தீர்மானமின்மை' என்ற தலைப்பில் உரையாற்ற அழைத்தபோது, கோட்பாடு எதுவும் பேசாமல் முப்பது குட்டிக் கதைகளை வாசித்தார். அடுத்த ஆண்டு அது தொண்ணூறு ஆகி, ஃபோக்வேஸ் நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. விதி ஒன்றே ஒன்று: ஒரு கதைக்கு ஒரு நிமிடம். இரண்டு வரிக் கதையை ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே கொட்டாவி விடும் அளவுக்கு இழுத்துச் சொல்கிறார். ஒரு பக்கக் கதையை ஏலம் போடுபவரைப் போலப் பொரிந்து தள்ளுகிறார். அதே நேரத்தில் பியானோ கலைஞர் டேவிட் டியூடர் வேறொரு அறையில், இவர் என்ன சொல்கிறார் என்று காதில் விழாத தூரத்தில், பியானோவும் ஒலிநாடாவும் வைத்து வாசிக்கிறார். சில இடங்களில் கதை முடியும் தறுவாயில் பியானோ இடித்து அதை மூழ்கடித்துவிடுகிறது. கேஜுக்கு அதில் வருத்தம் இல்லை. எனக்கு உண்டு, ஏனென்றால் கதைகள் அவ்வளவு நன்றாக இருக்கின்றன.

காளான் தேடிக் காட்டில் அலைந்தவர் அவர். 1959-ல் இத்தாலியத் தொலைக்காட்சி வினாடிவினாவில் காளான்களைப் பற்றிப் பதில் சொல்லியே ஐம்பது லட்சம் லிரா வென்றவர். அதே மனிதர் உண்ணத்தக்க செடி என்று நினைத்து நச்சுச் செடியொன்றைப் பறித்துச் சமைத்து, விருந்தினருக்கும் பரிமாறி, ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவவேண்டிய நிலைக்குப் போன கதையை, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொல்கிறார். ஜென் ஞானம் பெறுவதற்கு முன்னும் பின்னும் என்ன வித்தியாசம் என்று கேட்டதற்கு, "வித்தியாசம் இல்லை, கால் மட்டும் தரையிலிருந்து கொஞ்சம் மேலே இருக்கும்" என்று சுசுகி சொன்ன கதை இருக்கிறது. ஹார்வர்டில் எதிரொலியற்ற அறைக்குள் போய் இரண்டு ஒலிகளைக் கேட்ட கதையும் உண்டு. உயர்ந்தது உங்கள் நரம்பு மண்டலம், தாழ்ந்தது ரத்த ஓட்டம் என்றார் பொறியாளர். அந்த முதல் விளக்கம் உடலியல்படி நிற்குமா என்பது சந்தேகம். ஆனால் சாகும்வரை ஒலி இருக்கும், மௌனம் என்று ஒன்று இல்லை என்ற முடிவுக்குக் கேஜ் வந்தது அங்கேதான். அந்தக் கதை ஓர் இசைக்கோட்பாட்டு நூல் செய்யவேண்டியதைச் செய்கிறது. சொல்ல ஒன்றுமில்லை என்றவர், சொல்ல ஏதாவது இருந்தபோது எழுதிய பக்கங்கள்தான் நின்றிருக்கின்றன என்று நான் சொன்னால் அவருடைய அபிமானிகள் சண்டைக்கு வருவார்கள்.

1965-ல் தொடங்கிய நாட்குறிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 'உலகை மேம்படுத்துவது எப்படி (நீங்கள் அதை இன்னும் மோசமாக்கத்தான் செய்வீர்கள்)' என்ற தலைப்பு அபாரம். ஒரு நாளைக்கு எத்தனை துண்டு, துண்டுக்கு எத்தனை சொல் என்பதை ஆருட எண்கள் சொல்லும். ஐபிஎம் தட்டச்சு இயந்திரத்தில் பன்னிரண்டு எழுத்துரு மாற்றி மாற்றி அடித்தார். அரசியல் என்று பார்த்தால் வெகுளித்தனம். வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரையும் ஊடகச் சிந்தனையாளர் மார்ஷல் மக்லூஹனையும் நம்பி எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். கொஞ்ச காலம் மாவோவையும் புகழ்ந்தார். படிக்க வைப்பது எழுத்துருக்களின் கோலாகலம்தான்.

எழுபதுகளில் விஷயம் தீவிரமாகிறது. வாக்கிய அமைப்பு என்பது ராணுவத்தின் அணிவகுப்பு என்று நார்மன் ஓ. பிரவுன் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் சொன்னதைக் கேஜ் அப்படியே பிடித்துக்கொண்டார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். எழுவாய் முன்னே, பயனிலை பின்னே என்று சொற்கள் வரிசை கட்டுவதே ஆணைக்கு அடிபணிவது என்றால், அந்த வரிசையைக் கலைப்பது மொழியை ராணுவத்திலிருந்து விடுவிப்பது. 1967-ல் வென்டெல் பெர்ரி என்ற எழுத்தாளர் மூலம் அவருக்கு அறிமுகமான, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தொரோவின் நாட்குறிப்புகளை மூலமாக எடுத்துக்கொண்டார். 'வெற்றுச் சொற்கள்' நான்கு பாகம். முதல் பாகத்தில் வாக்கியங்கள் போய்விடுகின்றன. தொடர்கள், சொற்கள், அசைகள், எழுத்துகள் மிஞ்சுகின்றன. இரண்டில் தொடர்கள் போகின்றன. மூன்றில் சொற்கள் போகின்றன. நான்காம் பாகத்தில் தனி எழுத்துகளும் நீண்ட மௌனங்களும் மட்டுமே. இரவு முழுக்க வாசித்து, கடைசிப் பாகம் விடியலில் வரவேண்டும், அப்போது கதவு ஜன்னல்களைத் திறந்துவிடவேண்டும் என்பது திட்டம்.

1974-ல் கொலராடோவின் போல்டரில் பௌத்தச் சார்புள்ள நரோபா நிறுவனத்தில் நான்காம் பாகத்தை வாசித்தார். தியானம் பழகும் கூட்டம், பொறுமையாகக் கேட்கும் என்று நினைத்திருப்பார் போலும். விசில், கூச்சல், கிட்டார் என்று அமளி. கேஜ் நிமிரவே இல்லை, வாசித்து முடித்தார். 1977 டிசம்பரில் மிலானின் லிரிக்கோ அரங்கில் மூன்றாம் பாகம். அங்கே பார்வையாளர்கள் மேடைக்கே ஏறிவிட்டார்கள். அப்போதும் நிறுத்தவில்லை. அணிவகுப்பைக் கலைக்க வந்தவர் காட்டிய கட்டுப்பாட்டைப் பாருங்கள், எந்தச் சிப்பாயும் தோற்றுப்போவான்! இந்த முரண் அவருக்குத் தெரியாமலில்லை. ஒழுங்கு வேண்டாம் என்று அவர் சொன்னதே கிடையாது. அந்த ஒழுங்கு தன் விருப்புவெறுப்பிலிருந்து வரக்கூடாது என்றுதான் சொன்னார்.

மெசாஸ்டிக் என்ற செங்குத்துக் கவிதையில் இது இன்னும் தெளிவு. வரிகளின் முதலெழுத்தைக் கோத்தால் பெயர் வருவது பழைய விளையாட்டு. கேஜ் அந்த எழுத்தை வரியின் நடுவுக்கு நகர்த்தி, முதுகெலும்பு மாதிரி மேலிருந்து கீழே ஓடவிட்டார். விதி: முதுகெலும்பின் ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடைப்பட்ட சொற்களில் அந்த இரண்டாவது எழுத்து வரக்கூடாது. கடுமையான வகையில் இரண்டுமே வரக்கூடாது. தமிழில் எப்படி இருக்கும் என்று காட்ட, 'காளான்' என்ற சொல்லை முதுகெலும்பாக வைத்து நானே ஒன்று கட்டிப் பார்த்தேன்:

மழை நின்ற (கா)ட்டில்
கே(ளா)மல்
எழுந்து நிற்கிறே(ன்)

காவுக்கும் ளாவுக்கும் நடுவே வேறு கா, ளா இல்லை. ளாவுக்கும் ன்-னுக்கும் நடுவே வேறு ளா, ன் இல்லை. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்துவைக்கும் கரந்துறைப் பாட்டும், இருபுறமிருந்தும் ஒன்றாகவே படிக்கும் மாலைமாற்றும் கண்ட தமிழ் வாசகருக்கு இந்த வித்தை பெரிய அதிசயமாகத் தோன்றாது. ஆனால் சித்திரகவி பாடிய புலவர் தன் திறமையைக் காட்டினார். கேஜ் அதே கடினத்தைத் தன் ரசனையைக் கட்டிப்போடப் பயன்படுத்தினார். அழகான சொல் ஒன்று தோன்றும், விதி இடம் தராது, விட்டுவிடவேண்டும்.

1971-ல், தன் வாழ்க்கைத் துணையும் நடனக் கலைஞருமான மெர்ஸ் கன்னிங்ஹாமைப் பற்றி 62 மெசாஸ்டிக்குகள் செய்தார். தாளில் தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் எழுத்துகளின் எழுநூறுக்கும் மேற்பட்ட எழுத்துருக்களையும் அளவுகளையும் கலந்ததால் ஒவ்வொன்றும் நடனமாடும் உடல்போல நெளிகிறது. வாசிக்க முடியாது, குரலெழுப்பலாம். பிறகு ஜேம்ஸ் ஜாய்ஸின் 'ஃபினகன்ஸ் வேக்' நாவல் முழுவதையும், ஜாய்ஸின் பெயரையே முதுகெலும்பாக வைத்துச் சலித்தெடுத்தார். முதல் முயற்சி மிக நீண்டுவிட்டது. ஒரே எழுத்துக்கு ஒருமுறை பயன்பட்ட அசை மறுபடி வரக்கூடாது என்று கூடுதல் விதி போட்டதும் இரண்டாவது பிரதி நன்றாகச் சுருங்கியது. வேறு யாராவது என்றால் பிடிக்காத பக்கங்களை வெட்டியிருப்பார்கள். கேஜ் விதியை மாற்றினார். அந்தப் பிரதியைத் தன் குரலில் வாசித்து, நாவலில் வரும் ஊர்களில் பதிவுசெய்த சத்தங்களையும் நாவல் குறிப்பிடும் ஒலிகளையும் ஐரிஷ் நாட்டுப்பாடகர் ஜோ ஹீனி போன்றோரின் இசையையும் சேர்த்து 1979-ல் ஜெர்மன் வானொலிக்காக 'ரோராடோரியோ' செய்தார். நாய் குரைப்பு, குழந்தை அழுகை, மணியோசை, நடுவே மந்திரம் ஓதுவதுபோல அவர் குரல். அவருடைய எழுத்துச் சோதனைகளில் எந்த விளக்கமும் இல்லாமல் காதுக்கு இதமாக இருப்பது இது ஒன்றுதான்.

கடைசிப் பெரிய முயற்சி 1988-89-ல் ஹார்வர்டில் ஆற்றிய ஆறு நார்ட்டன் உரைகள். முறை, அமைப்பு, நோக்கம், ஒழுக்கம் முதலிய தன் வேலைக்கு அடிப்படையான சொற்களை முதுகெலும்புகளாக வைத்து, தொரோ, தத்துவவாதி விட்கன்ஸ்டைன், அன்றைய செய்தித்தாள்கள் என்று பல பிரதிகளைக் கணினி நிரல்களால் கலக்கி எடுத்தார். காசு சுண்டும் வேலையை இப்போது இயந்திரம் செய்தது. மௌனமாகப் படித்தால் சில பக்கங்களுக்குமேல் என்னால் போக முடியவில்லை. செய்தித்தாள் துண்டும் தத்துவத் துண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன. 'ஒன்று முதல் ஆறு' என்று அது நூலாக வந்தபோது, மாணவர்களுடன் நடந்த கேள்வி பதில்களைப் பக்கங்களின் அடியில் ஓடவிட்டார்கள். அங்கே அவர் தெளிவாக, பொறுமையாக, நகைச்சுவையோடு பேசுகிறார். நூலோடு கேசட்டும் சேர்த்தே விற்றார்கள். அதில் அவர் வாசிப்பைக் கேட்டால் எங்கே மூச்சு விடுகிறார், எங்கே இழுக்கிறார் என்பது தெரியும். அச்சில் கண்ணுக்குப் பிடிபடாத அந்த வரிகள் அப்போது ஓரளவு பிடிபடுகின்றன.